லாய்ட் ஜார்ஜும் கல்லறைக் கதவும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த லாய்ட் ஜார்ஜ் என்பவருடைய வாழ்க்கையாகும். "வெள்ளைக்கார மந்திரியின் கதை நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது நியாயந்தான். ராஜாக்கள் கதையையும் மந்திரிகள் கதையையும் காலமெல்லாம் கேட்டும் நம் ஜனங்கள் கண்ட பலன் ஒன்றுமில்லை. அவர் ஒரு பெரிய யுத்தத்தை நடத்தி ஜெயித்தார் என்பதற்காக நாம் அவரைப்பற்றிப் பேச வரவில்லை. யுத்தம் நடத்தியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு.

அவர் தமது 25-வது வயதில், ஒரு பாதிரியார் பூட்டிவைத்த கல்லறைத் தோட்டத்தின் கதவை உடைக்கச் சொன்னார். 46-வது வயதில், பிரபுக்கள் பூட்டிவைத்த சட்டசபைக் கதவை உடைக்கக் கிளம்பினார். பிறகு உச்ச அதிகாரம் கையில் வந்தபோது, தாமே ஒரு சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். இந்த மூன்றும் நமக்குப் படிப்பினையாகும். ஆகையால் முகஸ்துதியும் இல்லாமல், துவேஷமும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறோம்.

செருப்புத் தைக்கும் மாமன்

லாய்ட் ஜார்ஜ் 1863-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி மான்செஸ்டர் நகரத்தில் பிறந்தார். தகப்பனார் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். குழந்தைக்கு ஒன்றரை வயதிருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். கையில் குழந்தைகளோடும் வயிற்றில் ஒரு குழந்தையோடும் நின்ற தாயாரை, அவருடைய சகோதரர் ரிச்சர்டு லாய்ட் என்பவர் வேல்ஸ் நாட்டிலுள்ள லானிஸ்டம்டுவி என்னும் தம் கிராமத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் காப்பாற்றினார். அந்த மாமனுக்கு என்ன தொழில் தெரியுமா? செருப்புத் தைப்பதுதான். ஜார்ஜ் என்பது தகப்பன் பெயர். லாய்ட் என்பது செருப்புத் தைத்துச் சோறு போட்ட மாமன் பெயர். பிரதம மந்திரியான பிறகும் அவர் அந்தப் பெயரை விடவில்லை.

மருமகன் வக்கீல் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். அதற்கு லத்தீனும் பிரெஞ்சும் வேண்டும். கிராமத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் ஏது? ஆகவே அந்த மாமன் இலக்கணமும் அகராதியும் வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் தாம் படித்து, பிறகு மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். தோழர்களே! படிப்பு ஒரு ஜாதியின் ரத்தத்தில் ஊறி வருகிறது என்று சொல்லுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். தோல் வெட்டுகிற கை அகராதியைப் புரட்டினால் எழுத்து ஓடிப்போய்விடுமா? புரட்ட இடங்கொடுக்காததனால் அல்லவா நம் நாட்டில் பல லட்சம் பேர் தலைமுறை தலைமுறையாகத் தற்குறிகளாயிருந்தார்கள்!

வேல்ஸ் நாட்டின் அக்கால நிலைமையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சர்க்கார் மதம் இங்கிலாந்துத் திருச்சபை. குடியானவரும் தொழிலாளரும் பெரும்பாலும் அதைச் சேராத தனிச் சபைக்காரர்கள். ஆனால் அந்தத் திருச்சபைக்குத் தசமபாகம் என்னும் வரி மட்டும் அவர்களும் கொடுத்தாக வேண்டும். போகாத கோயிலுக்குப் படியளப்பது என்பது இதுதான்! நிலமெல்லாம் சில மிராசுதார்கள் கையில். 1868-ம் வருஷத்துத் தேர்தலில் மிராசுதாருக்குப் பிடிக்காத கட்சிக்கு வோட்டுப் போட்டார்கள் என்பதற்காகப் பல குடியானவர்கள் நிலத்தை விட்டே விரட்டப்பட்டார்கள். அப்போது ரகசிய வோட்டுக் கிடையாது. யார் யாருக்குப் போட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கிராமத்திலிருந்த ஒரே பள்ளிக்கூடமும் திருச்சபையாருடையதே. பெரிய மனிதர்களும் பாதிரியாரும் பார்வையிட வரும் நாளில், பிள்ளைகள் திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்க வேண்டும். ஒரு வருஷம், சிறுவன் லாய்ட் ஜார்ஜ் மற்றப் பிள்ளைகளோடு ரகசியமாகப் பேசி வைத்து, ஒருவரும் வாய் திறக்காதபடி செய்துவிட்டான். உபாத்தியாயர் கேட்கிறார், பிள்ளைகள் மௌனமாயிருக்கிறார்கள். மறுபடியும் கேட்கிறார், மறுபடியும் மௌனம். கடைசியில் அவனுடைய தம்பிதான் உபாத்தியாயர் படுகிற அவஸ்தையைப் பார்க்கச் சகியாமல் ஒப்பித்துவிட்டானாம். நம்பாததை நம்புகிறேன் என்று பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது எவ்வளவு அயோக்கியத்தனம் என்பது ஒரு சிறுவனுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

கல்லறைக் கதவு

1884-ல் அவர் சொலிசிட்டர் என்னும் வக்கீல் பரீட்சையில் தேறினார். மறு வருஷமே சிறு ஊர்களில் தொழில் ஆரம்பித்தார். வந்த கட்சிக்காரர்கள் குடியானவர்களும், கல் உடைப்பவர்களும், ஏழைகளுமே. 1888-ம் வருஷம் அவரிடம் ஒரு வழக்கு வந்தது. இதை நீங்கள் கவனமாய்க் கேட்க வேண்டும்.

லான்வ்ராத்தன் என்னும் ஊரில் கல் உடைக்கும் கிழவர் ஒருவர் இறந்துபோனார். அவர் தனிச் சபைக்காரர். முன்னமே இறந்த தம் மகளுக்குப் பக்கத்தில் தம்மையும் புதைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அந்த இடமோ ஊர்த் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. 1880-ல் ஏற்பட்ட ஒரு சட்டப்படி, எந்தச் சபைக்காரரும் தங்கள் முறைப்படி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாம். குழியும் வெட்டியாய்விட்டது. ஆனால் தனிச் சபை முறைப்படி சடங்கு நடக்கப் போகிறது என்று தெரிந்தவுடனே, பாதிரியார் அந்தக் குழியை மூடச் செய்து கதவைப் பூட்டிவிட்டார். வேண்டுமானால் தற்கொலை செய்துகொண்டவர்களையும் திக்கற்றவர்களையும் புதைக்கிற மூலையில் புதைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

பாதிரியாரிடம் ஒரு பத்திரம் இருந்தது. அந்தத் துண்டு நிலத்தை ஒரு சீமாட்டி 1864-லேயே ஊர்க் கல்லறைக்கென்று கொடுத்திருந்தார். 1880-ல் சட்டம் வந்த பிறகு, 1881-ல், பாதிரியார் அந்த அம்மாளிடம் புதிதாக ஒரு பத்திரம் எழுதி வாங்கினார். திருச்சபை முறைப்படி புதைப்பதற்கு மட்டுமே நிலம் என்று அதில் நிபந்தனை. பார்த்தீர்களா தந்திரத்தை! ஜனங்களுக்குச் சட்டம் ஒரு உரிமை கொடுத்தால், அதைச் செல்லாதபடி செய்யப் புரோகிதன் மறுநாளே ஒரு பத்திரம் தயார் செய்கிறான். எந்த நாட்டுப் புரோகிதனும் இந்த வித்தையில் சளைத்தவனல்ல.

இறந்தவருடைய குடும்பத்தார் லாய்ட் ஜார்ஜிடம் யோசனை கேட்டார்கள். அவர் பழைய தஸ்தாவேஜுகளைப் பார்த்தார். நிலம் 1864-லேயே ஊருக்குச் சேர்ந்துவிட்டது, கொடுத்துவிட்ட நிலத்துக்குப் பதினேழு வருஷம் கழித்து நிபந்தனை போட யாருக்கும் அதிகாரமில்லை என்று கண்டார். "கதவைத் திறக்கச் சொல்லுங்கள், திறக்காவிட்டால் உடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் புதையுங்கள்" என்று யோசனை சொன்னார். அவர்களும் அப்படியே செய்தார்கள். மகளுக்குப் பக்கத்தில் தகப்பன் புதைக்கப்பட்டார்.

பாதிரியார், அத்துமீறிப் பிரவேசித்ததாக வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் குடும்பத்தார் பக்கமே சொன்னார்கள். ஆனால் ஜட்ஜு அவர்கள் சொன்னதைச் சரியானபடி குறித்துக்கொள்ளாமல், பாதிரியாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் செய்துவிட்டார். லாய்ட் ஜார்ஜ் விடவில்லை. லண்டனுக்கு அப்பீல் செய்தார். அங்கே பிரதம நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு அந்தத் தீர்ப்பைத் தள்ளி, 1888 டிசம்பரில் குடும்பத்தாருக்கே ஜெயம் கொடுத்தார். வேல்ஸ் முழுவதும் அந்த இளம் வக்கீலின் பெயர் பரவிற்று.

இதில் நாம் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. 1880-ல் சட்டம் வந்தும், எட்டு வருஷம் கழித்துக் கதவு பூட்டித்தான் இருந்தது. அதைத் திறக்க, சட்டம் தெரிந்த ஒருவனும், கடப்பாறை எடுக்கத் துணிந்த ஒரு குடும்பமும் வேண்டியிருந்தது. இரண்டாவது, அவர் வெறும் ஆவேசத்தில் உடைக்கச் சொல்லவில்லை. முதலில் தஸ்தாவேஜைப் படித்தார்; பிறகு உடைக்கச் சொன்னார். செத்த பிறகும் ஜாதிக்கொரு சுடுகாடும், சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் தகராறும் வைத்துக்கொண்டிருக்கிற நாட்டில் பிறந்த நாம், இந்த இரண்டையும் மறக்கலாகாது.

பிரபுக்களின் கதவு

1890 ஏப்ரலில் கார்னார்வன் தொகுதியில் நடந்த உபதேர்தலில், 18 வோட்டு அதிகம் பெற்று அவர் பார்லிமெண்டுக்குப் போனார். பதினெட்டே வோட்டு! அதன் பிறகு 1945 வரையில் அந்தத் தொகுதி அவரை விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது, அது அநியாய யுத்தமென்று தம் தேசத்தாரையே எதிர்த்துப் பேசினார். 1901 டிசம்பர் 18-ந் தேதி பர்மிங்ஹாம் நகரத்தில் பேசப் போனபோது, பெருங்கூட்டம் மண்டபத்தைத் தாக்கிற்று. போலீஸ்காரர் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் உயிர் தப்ப வேண்டியதாயிற்று. தேசபக்தி என்கிற பெயரால் கல்லெறிகிற கூட்டம் எல்லாத் தேசத்திலும் உண்டு.

1908-ல் அவர் நிதி மந்திரியானார். அந்த வருஷமே முதியோர் பென்ஷன் சட்டத்தை நிறைவேற்றி வைத்தார். 1909 ஜனவரி 1 முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரையில் தபாலாபீசில் கொடுக்கப்பட்டது. கிழவர் கிழவிகள் பிச்சைக்கார விடுதிக்குப் போகாமல் தங்கள் வீட்டிலேயே மானத்தோடு கஞ்சி குடிக்க வழியாயிற்று. கோயில் வாசலில் வீசுகிற தர்மம் வேறு. தபாலாபீசில் கையெழுத்துப் போட்டு வாங்குகிற உரிமை வேறு. தர்மம் வாங்குகிறவன் தலை குனிகிறான். உரிமை வாங்குகிறவன் தலை நிமிர்ந்து நிற்கிறான்.

இதற்கும், புதிதாய்க் கட்டுகிற யுத்தக் கப்பல்களுக்கும் பணம் எங்கே? 1909 ஏப்ரல் 29-ந் தேதி அவர் ஒரு பட்ஜெட்டைக் கொண்டுவந்தார். பெரும் வருமானக்காரர்களுக்கு மேல்வரி போட்டார். பாடுபடாமல் தானாக ஏறுகிற நில மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் சர்க்காருக்குக் கொடுக்க வேண்டுமென்றார். ஊர் வளர்ந்து நிலத்தின் விலை ஏறினால், அந்த லாபம் தூங்குகிறவனுக்கா, ஊருக்கா என்பதுதான் கேள்வி. மிராசுதாரர்களான பிரபுக்களுக்கு வயிறு எரிந்தது. அக்காலத்துப் பிரபுக்கள் சபை என்பது, பெரும்பாலும் பிறவியினாலேயே சட்டம் செய்யும் யோக்கியதை பெற்றவர்களும், கூடவே பிஷப்புகளும் உட்கார்ந்திருந்த இடம். பிறவி யோக்கியதை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை! அவர்கள் 1909 நவம்பர் 30-ந் தேதி, 350-க்கு 75 என்ற கணக்கில் அந்தப் பட்ஜெட்டைத் தள்ளிவிட்டார்கள்.

லாய்ட் ஜார்ஜ் மேடை மேடையாக ஏறினார். அந்தச் சண்டைக்காக 1910-ல் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. பட்ஜெட் 1910-லேயே நிறைவேறிவிட்டது. கடைசியில் 1911 ஆகஸ்டில், பணச் சம்பந்தமான மசோதாவைப் பிரபுக்கள் தள்ளக்கூடாது, மற்ற மசோதாக்களையும் காலதாமதம் செய்யலாமே ஒழிய அடியோடு ஒழிக்க முடியாது என்று சட்டமாயிற்று. அதே வருஷத்தில் நோய்க் காப்புச் சட்டமும் வந்தது. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், சர்க்கார் 2 பென்ஸ் போடுவது. தொழிலாளி நோயாய்ப் படுத்தால் வைத்தியமும், ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங்கும் கிடைக்கும். நோய் பூர்வ ஜன்ம பாவத்தின் பலன் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. நோய்க்கு வேண்டியது மருந்தும் பணமும் என்றுதான் எழுதியிருந்தது.

பிரபுக்களின் கை கட்டப்பட்ட பிறகு, 1914-ல் வேல்ஸ் திருச்சபைச் சட்டம் நிறைவேறிற்று. யுத்தத்தினால் தள்ளிவைக்கப்பட்டு 1920-ல் அமலுக்கு வந்தது. அதன்படி வேல்ஸ் நாட்டில் சர்க்கார் மதம் என்பதே ஒழிந்தது. திருச்சபையின் பழைய சொத்துக்களில் பெரும்பகுதி ஜில்லா சபைகளுக்கும் சர்வகலாசாலைக்கும் போயிற்று. கோயில் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வானம் இடிந்து விழும் என்று பயமுறுத்தினார்கள். வானம் இருந்த இடத்திலேயே இருந்தது. இதனால் அவரை நாத்திகர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் தம் சபைக்குப் போய் வந்தவர்தான். மதம் இருந்தவரே மதத்தின் ஆதிக்கத்தை எதிர்த்தார் என்பதே இங்கு விசேஷம்.

யுத்தம்

1914 ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. 1915-ல் போர்முனையில் பீரங்கிக் குண்டுக்குப் பஞ்சம் என்ற சங்கதி வெளியாயிற்று. அதற்கென்று புதிதாக ஏற்படுத்திய தளவாட இலாகாவுக்கு லாய்ட் ஜார்ஜ் மந்திரியானார். வியாபாரத்திலும் தொழிற்சாலையிலும் பழகினவர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் பட்டறைகளுக்கு வந்தார்கள். அடுப்பங்கரைக்கே ஆனவர்கள் என்று சொல்லப்பட்ட பெண்கள் கடைசல் யந்திரத்தில் நின்று குண்டு செய்தார்கள். 1918 பிப்ரவரியில், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சில நிபந்தனைகளோடு வோட்டுரிமை வந்தது.

1916 டிசம்பர் 7-ந் தேதி அவர் பிரதம மந்திரியானார். தாய்மொழி ஆங்கிலமல்லாத, செருப்புத் தைப்பவரால் வளர்க்கப்பட்ட கிராமத்துப் பிள்ளை! ஐந்து பேர் கொண்ட சிறு யுத்த மந்திரிசபையை அமைத்தார். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துப் பட்டினி வரும்போலிருந்த 1917-ல், வியாபாரக் கப்பல்களைக் கூட்டங் கூட்டமாகச் சேர்த்து யுத்தக் கப்பல் காவலோடு அனுப்பும் முறைக்கு அவர் பலமாய் ஆதரவு கொடுத்தார். சேதம் குறைந்தது. ஆனால் அதே வருஷம் பாஷன்டேல் சேற்றில், அவரே நம்பாத ஒரு போரைத் தளபதிகள் நடத்த, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாய்கள் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். பாதிரியை எதிர்க்கத் துணிந்தவருக்குத் தளபதியைத் தடுக்கத் துணிவில்லாமற் போயிற்று. 1918 நவம்பர் 11-ந் தேதி சண்டை நின்றது.

சாவி கைமாறினால்

அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பி வரவில்லை. கைம்மாறாக 1917-ல் பொறுப்பாட்சி தருவதாகச் சொன்னதும், 1919-ல் இந்திய சர்க்கார் சட்டம் செய்ததும் லாய்ட் ஜார்ஜின் மந்திரிசபையே. அந்தச் சட்டத்தின் கீழ் சென்னைச் சட்டசபையில் பார்ப்பனரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920-ல் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபையும், 1921-ல் முதல் வகுப்புவாரி உத்தரவும் அதன் தொடர்ச்சியாக வந்தவையே. இவற்றை லாய்ட் ஜார்ஜ் நமக்குப் போட்ட பிச்சை என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். அதற்காக லண்டன் வரையில் போய், நோயோடு போராடி, 1919 ஜூலை 17-ந் தேதி அங்கேயே உயிர்விட்ட டாக்டர் டி.எம். நாயர் போன்றவர்கள் தட்டியதனால் திறந்த கதவு அது.

அதே மந்திரிசபையின் காலத்தில்தான் 1919-ல் ரௌலட் சட்டமும், அமிர்தசரஸ் படுகொலையும் நடந்தன. சர்க்கார் கணக்குப்படியே அங்கே செத்தவர்கள் 379 பேர். வேல்ஸ் நாட்டுக்குச் சுயமரியாதை கேட்டவர், 1920-ல் அயர்லாந்தின்மேல் கறுப்பும் காக்கியும் உடுத்திய முரட்டுப் படையை ஏவிவிட்டார். 1922 ஆகஸ்டு 2-ந் தேதி பார்லிமெண்டில், இந்தியாவை ஆளும் வெள்ளை உத்தியோகஸ்தர் கூட்டத்தை எடுக்கவொண்ணாத எஃகுச் சட்டகம் என்று வர்ணித்தார். ஊர்க் கல்லறைக் கதவை உடைத்தவர், பிறர் நாட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

இன்னும் கேளுங்கள். பிரபுக்களைப் பரிகசித்துப் பேசியே பெயரெடுத்தவருடைய ஆட்சியில், பிரபுப் பட்டங்கள் கட்சி நிதிக்காகப் பணத்துக்கு விற்கப்பட்டன. அந்த நாற்றம் தாங்காமல் 1925-ல் அதைத் தடுக்கச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. 1922 அக்டோபரில் பதவி போயிற்று, மறுபடி வரவேயில்லை. 1936-ல் ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைக் கண்டு, அவரைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதினார். கடைசியில் 1945-ல் தாமே ஒரு பிரபுப் பட்டம் வாங்கிக்கொண்டு, அதே வருஷம் மார்ச் 26-ந் தேதி இறந்துபோனார்.

ஆளையா, காரியத்தையா?

"இவ்வளவு குற்றமுள்ளவரைப்பற்றி ஏன் பேசினீர்கள்?" என்று கேட்பீர்கள். அதற்காகவேதான் பேசினோம். நம் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவன் ஒரு நல்ல காரியம் செய்தால், உடனே அவனை மகாத்மா என்றும் அவதாரம் என்றும் சொல்லிக் கற்பூரம் கொளுத்திவிடுவார்கள். பிறகு அவன் செய்கிற அக்கிரமமும் திருவிளையாடல் ஆகிவிடும். அல்லது அவன் ஒரு தப்புச் செய்தால், அவன் செய்த நல்லதையும் குப்பையில் போடுவார்கள். இரண்டும் அறிவுடைமையல்ல.

பென்ஷன் நல்லது, அது லாய்ட் ஜார்ஜ் கொண்டுவந்ததால் நல்லதல்ல, கிழவி வயிற்றுக்குச் சோறு போட்டதால் நல்லது. அயர்லாந்தில் செய்தது கெட்டது. அதை லாய்ட் ஜார்ஜ் செய்தார் என்பதற்காக அது நல்லதாகிவிடாது. காரியத்தை நிறுத்துப் பாருங்கள். ஆளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேல்ஸ் ஜனங்கள் 1888-ல் அந்த வக்கீலை நம்பினது தப்பல்ல. பிறகு அவர் கையில் சாவி வந்தபோது, "எல்லாக் கதவையும் திற" என்று கேட்கிறவர்கள் போதுமான பேர் இல்லாமற் போனதுதான் தப்பு. நமக்காகப் பேசுகிறவன் எவனானாலும், அவன் மேடையில் இருக்கும்போது கேட்கிற கேள்வியைவிட, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்கிற கேள்விதான் அதிகமாயிருக்க வேண்டும். அப்படிக் கேட்கத் தெரியாத ஜனங்களுக்கு எந்தச் சுதந்தரமும் நிலைக்காது என்பதே நமது அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று. அவரைப் புதைத்த இடம் பெரிய தேவாலயமல்ல. எந்தக் கோயிலின் கல்லறைத் தோட்டமுமல்ல. தம் கிராமத்தில், ஆற்றங்கரையில், தாம் உட்கார்ந்து பழகிய ஒரு பெரிய கல்லின் கீழ் அவர் கிடக்கிறார். அங்கே கதவைப் பூட்ட எந்தப் பாதிரியாருக்கும் அதிகாரமில்லை. ஆனால் பூட்டிய கதவுகள் உலகத்தில் இன்னும் அநேகம் இருக்கின்றன. நம் ஊரிலும் இருக்கின்றன. அவற்றின் தஸ்தாவேஜைப் படியுங்கள். படித்துத் தெளிந்த பிறகு, கூட்டமாய்ச் சேர்ந்து தள்ளுங்கள்.